மெல்பர்னில் மீன் பிடிக்க அலுமினியப் படகு வாங்கப் போகிறீர்களா?

அக்டோபர் பிறந்தால் போர்ட் ஃபிலிப் விரிகுடாவுக்குள் ஸ்னாப்பர் மீன் ஏறத் தொடங்கும், கூடவே நம் ஆட்களில் நாலு பேராவது "படகு ஒன்று வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்கத் தொடங்குவார்கள். கேட்கும்போதே கைபேசியில் ஒரு விளம்பரமும் தயாராக இருக்கும். புது பெயின்ட், பெரிய திரையோடு மீன் காட்டும் கருவி, நாலு பக்கமும் தூண்டில் சொருகும் குழாய். நான் கேட்பது ஒன்றுதான். மத்தியானம் இரண்டு மணிக்குத் தென்மேற்கிலிருந்து 20 நாட் (மணிக்கு ஏறக்குறைய 37 கி.மீ.) காற்று அடிக்கும்போது, குளிரில் நனைந்த இரண்டு பேரை இந்தப் படகு கரை சேர்க்குமா? காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கும், அதில் எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும். திரும்பி வரும் ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துத்தான் படகு வாங்க வேண்டும்.

என் முதல் படகு 3.9 மீட்டர், மூடாக்கு எதுவும் இல்லாத திறந்த படகு, 30 குதிரைத்திறன் மோட்டார். நவம்பர் மாதம் ஒரு நாள் கேரம் பக்கம் பேட்டர்சன் ஆற்றில் இறக்கி, நானும் மச்சானும் ஆறேழு கிலோமீட்டர் வெளியே போயிருந்தோம். வடக்குக் காற்று. ஊரில் வாடை என்றால் குளிர், இங்கே வடக்கே முழுக்க வறண்ட நிலம் என்பதால் வாடை அனல் மாதிரி வரும். பதினொன்றரை மணிக்குக் காற்று சட்டென்று நின்றது. தென்மேற்கில் அடிவானம் கறுத்தது. பத்து நிமிடத்தில் நம் கடற்கரைக்காரர்கள் கச்சான் என்று சொல்கிற மேற்குக் காற்றும் தெற்கும் கலந்து விரிகுடா முழுவதையும் கடந்து வந்து எங்கள் மேல் இறங்கியது. அலை பின்னாலிருந்து வந்தது. மோட்டார் மாட்டுவதற்காகத் தாழ்வாக வெட்டியிருக்கும் பின்பலகை வழியே தண்ணீர் உள்ளே கொட்டியது, மச்சான் இரை வாளியால் இறைத்துக்கொண்டே வந்தார். பதினைந்து நிமிடப் பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த மாதமே அந்தப் படகை விற்றுவிட்டேன்.

ஏன் இவ்வளவு மோசமான அலை என்றால், இந்த விரிகுடா பரப்பில் 1,930 சதுர கிலோமீட்டர், ஆனால் ஆழம் அதிகபட்சமே ஏறக்குறைய 24 மீட்டர்தான். பெரிய பரப்பு, குறைந்த ஆழம். அதனால் அலை உயரமாக இருக்காது, ஆனால் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். தூத்துக்குடியில் வள்ளத்தில் போயிருக்கிறேன், அங்கே அலை நீளமாக ஏறி இறங்கும், படகும் கூடவே ஏறி இறங்கும். இங்கே ஓர் அலையிலிருந்து அணியம், அதாவது படகின் முன்பக்கம், இறங்குவதற்குள் அடுத்த அலை வந்து முட்டும்.

சரி, எந்த அளவு வாங்கலாம்? இரண்டு மூன்று பேர் விரிகுடாவுக்குள் போய்வர 4.5 முதல் 5 மீட்டர் வரை. 4.2 மீட்டருக்குக் கீழே வாங்கினால் கரையோரம், ஆற்று முகம், காற்றில்லாத காலை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 5 மீட்டருக்கு மேலே போனால் படகு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இழுக்கிற கார், வீட்டில் நிறுத்துகிற இடம், ராம்ப் என்ற சரிவில் ஒற்றை ஆளாக இறக்கி ஏற்றுவது எல்லாமே மாறிவிடும். நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரின் உயரமும் அகலமும்தான் நனையாமல் வருவதைத் தீர்மானிக்கின்றன. கடையில் படகுக்குள் ஏறி ஓரமாக நின்று பாருங்கள், பக்க விளிம்பு உங்கள் முட்டிக்கு மேலே தொடையில் முட்டினால் நல்லது. முட்டிக்குக் கீழே இருந்தால் மீனைத் தூக்கக் குனியும்போது நீங்களும் சேர்ந்து போய்விடுவீர்கள்.

அடுத்தது அடிப்பக்கத்தின் வி வடிவம். பின்பலகையில் அந்த வி எத்தனை பாகைச் சாய்வு என்பதைத்தான் டெட்ரைஸ் என்கிறார்கள். தட்டையான பண்ட் வகைப் படகுகளில் அது ஐந்து பாகைக்குள் இருக்கும், ஆற்றுக்கும் ஏரிக்கும் அருமை, நாலு பேர் ஒரே பக்கம் நின்றாலும் சாயாது, ஆனால் இந்தக் கடல் அலையில் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் விழும். திறந்த கடலுக்கென்று கட்டுகிற படகில் 18, 20 பாகை இருக்கும். அலையை வெட்டிக்கொண்டு மெத்தென்று போகும், ஆனால் நின்று தூண்டில் போடும்போது ஆடும், ஓடவும் கூடுதல் சக்தி கேட்கும். போர்ட் ஃபிலிப் விரிகுடாவுக்கும், அதற்குக் கிழக்கே இருக்கும் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவுக்கும் 13 முதல் 16 பாகை வரை உள்ள படகு போதும் என்பது என் கருத்து. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள், அதுவும் காற்றுள்ள நாளில்.

மெல்பர்னுக்கு இன்னொன்று: முன்னால் கண்ணாடியும் சிறிய மூடாக்கும் உள்ள ரன்அபவுட் வகை வாங்குங்கள். நடுவில் ஸ்டீரிங் உள்ள சென்டர் கன்சோல் குயின்ஸ்லாந்து வெயிலுக்கு அழகு, சுற்றி நடந்து வீசலாம். இங்கே குளிர்காலத்தில் தண்ணீரே 10, 11 டிகிரிதான் இருக்கும், அந்தச் சாரல் முகத்தில் அடிக்க அரை மணி நேரம் ஓட்டினால் விரல் மடங்காது.

தகடு விஷயத்துக்கு வருவோம். விலை குறைந்த படகுகள் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி வளைத்துச் செய்தவை, அடியில் 2 முதல் 3 மி.மீ. வரை. தடித்த தகட்டை வெட்டி வெல்டிங் செய்தவை பிளேட் படகுகள், அடியில் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல். தடித்தது பலம், அலையில் சத்தமும் குறைவு, ஆனால் எடை கூடும், எடை கூடினால் மோட்டார் பெரிதாகும், டிரெய்லர் பெரிதாகும், கார் பெரிதாகும். வாரக் கடைசியில் விரிகுடாவுக்குள் போகிறவருக்கு அடியில் 3 மி.மீ. நல்ல அளவு. கடல் நீருக்கென்று 5052, 5083 போன்ற 5000 வரிசை உலோகக் கலவைதான் வேண்டும். குயின்ட்ரெக்ஸ், ஸ்டேசர், ஸ்டெஸ்கோ, சீ ஜே என்று இங்கே ஓடுகிற பெயர்கள் எல்லாவற்றிலும் நல்ல அளவும் உண்டு, நமக்குப் பொருந்தாத அளவும் உண்டு. பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட மாடலின் எடையையும் தகட்டையும் கேளுங்கள்.

ஃபைபரை விட்டுவிட்டு அலுமினியம் எதற்கு என்று ஊரிலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள், நம் கரையில் எல்லாம் ஃபைபர்தானே. இங்கே படகு கரையில் கிடப்பதில்லை, வீட்டில் கிடக்கிறது, ஒவ்வொரு முறையும் காரில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அலுமினியம் எடை குறைவு, பாறையில் இடித்தால் விரிசல் விடாமல் பெரும்பாலும் ஒடுங்கும். குறை என்னவென்றால் சின்ன அலைக்கும் டமடமவென்று சத்தம், காற்று தள்ளிக்கொண்டு போகும், அப்புறம் அரிப்பு.

அரிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பழைய படகு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரண்டாவது படகு பார்க்கப் போனபோது, இருபது வருடமாக இங்கே மீன் பிடிக்கிற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் கூட வந்தார். நான் மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையில் முட்டி போட்டு, "தம்பி, மோட்டாரைப் பிறகு பாக்கலாம், உந்தக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாரும்" என்றார். பின் மூலையில் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. அடியில் ஈயக்குண்டு ஒன்று, எப்போதோ விழுந்தது, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. குண்டை எடுத்துவிட்டு விரலால் தடவினால் நகம் இறங்கும் அளவுக்குக் குழி. அந்தப் படகை நாங்கள் வாங்கவில்லை. உப்பு நீரில் அலுமினியத்தோடு ஈயமோ செம்போ தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம்தான் கரையும். ஒரு செப்புக் காசு போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவை நேரடியாக முறுக்கினாலும் இதே கதை, நடுவில் பூச்சு வேண்டும். செம்பு கலந்த அடிப் பெயின்ட் அலுமினியப் படகுக்குக் கூடவே கூடாது. தரைப் பலகையை மாற்றுகிறவர்கள் தோட்டத்துக்கென்று விற்கிற மருந்தேற்றிய மரத்தைப் போட்டுவிடுவார்கள், அதிலும் செம்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும்.

பழைய படகு என்றால் இன்னும் இரண்டு சோதனை. ஒன்று, மோட்டாரின் அடி நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பின்பலகையைப் பாருங்கள். பல படகுகளில் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும், அது ஊறி உளுத்திருந்தால் பலகை வளைந்து கொடுப்பது கண்ணுக்கே தெரியும். மற்றது, டிரெய்லரில் இருக்கும்போதே தண்ணீர்க் குழாயைப் போட்டு உள்ளே சில அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு, கீழே படுத்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். ரிவெட் அடித்த பழைய படகுகளில் இது பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும். விற்பவர் வேண்டாம் என்றால் நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி மோட்டார். படகில் ஒட்டியிருக்கும் பில்டர்ஸ் பிளேட் என்ற தகட்டைப் படியுங்கள். அதிகபட்சக் குதிரைத்திறன், மோட்டாரின் அதிகபட்ச எடை, எத்தனை பேர், எவ்வளவு சுமை, தண்ணீர் நிறைந்தால் எப்படி மிதக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை யாரும் படிப்பதில்லை. பேசிக் ஃபுளோடேஷன் என்று இருந்தால் படகு மூழ்காது, ஆனால் கவிழ்ந்தபடி மிதக்கலாம், நீங்கள் பிடித்துத் தொங்க வேண்டும். லெவல் ஃபுளோடேஷன் என்றால் நிறைந்த பிறகும் நிமிர்ந்தபடி மிதக்கும். பிள்ளைகளை ஏற்றுவதாக இருந்தால் லெவல் உள்ளதையே தேடுங்கள், அதற்காக மற்ற வசதிகள் நாலைந்து குறைந்தாலும் பரவாயில்லை.

குதிரைத்திறனில் அந்தத் தகடு சொல்லும் உச்ச அளவில் முக்கால் பங்குக்குக் கீழே போகாதீர்கள். 75 வரை போடலாம் என்றால் 60 அல்லது 75. 40 போட்டால் விலை குறையும், ஆனால் மூன்று பேரும் ஐஸ் பெட்டியும் ஏறியதும் படகு தண்ணீர் மேலே எழும்பாமல் உழும், மோட்டார் எந்நேரமும் முழு வேகத்தில் கத்தும், பெட்ரோலும் கூடுதலாகத்தான் போகும். உச்ச அளவைத் தாண்டிப் போடுவது ஆபத்து, இன்ஷூரன்ஸிலும் வம்பு வரும். எடையையும் பாருங்கள். 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பெரும்பாலும் 100 முதல் 120 கிலோவுக்குள் வரும். பழைய படகின் பின்பலகை எடை குறைந்த இரண்டு ஸ்ட்ரோக்குக்காகக் கட்டப்பட்டிருக்கும், அதில் புதிய மோட்டாரை மாட்டினால் பின்பக்கம் அமுங்கும். நான் மேலே சொன்ன அந்தப் பின்னால் வரும் அலைக்கு அது கதவைத் திறந்து வைத்த மாதிரி.

இரண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா என்ற பழைய சண்டைக்குப் புதிய மோட்டார் வாங்குகிறவர்களுக்கு இனி வேலை இல்லை. 2018 ஜூலை முதல் இறக்குமதிக்கும், 2019 ஜூலை முதல் விற்பனைக்கும் ஆஸ்திரேலியாவில் புகை அளவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது, கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் புதிதாகக் கிடைக்காது. கைமாறி வருவது கிடைக்கும். எடை குறைவு, பிரித்து மாட்ட எளிது, ஆனால் பெட்ரோல் குடிக்கும், புகையும் சத்தமும் சொல்ல வேண்டாம். எவின்ரூட் மோட்டார்கள் மலிவாக வரும், 2020இல் அந்தத் தயாரிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள். யமஹா, சுஸூகி, மெர்க்குரி, ஹோண்டா, டோஹாட்சு எல்லாமே நல்ல மோட்டார்கள்தான். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எந்த மோட்டாருக்கு ஒழுங்கான மெக்கானிக் இருக்கிறாரோ அதை வாங்குங்கள். நவம்பரில் மோட்டார் நின்றுபோனால், மூன்று வாரம் கழித்துக் கொண்டு வா என்கிற கடையால் சீசனே போய்விடும். எனக்கு ஒரு வருடம் அப்படிப் போனது.

மோட்டாரின் கால் நீளம், அதாவது ஷாஃப்ட், பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். 15, 20, 25 அங்குலம் என்று வரும், 4.5 மீட்டர் படகுகள் பெரும்பாலும் 20. புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும், அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் வரை மேலேயோ இருந்தால் சரி. இன்னும் மேலே போனால் திரும்பும்போது புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும், கீழே போனால் தண்ணீரை வாரி இறைக்கும். ஓட்டிப் பார்க்கும்போது வழக்கமாக ஏற்றும் சுமையோடு முழு வேகம் கொடுத்து சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். கையேட்டில் 5,000 முதல் 6,000 வரை என்று இருந்தால் மேல் பாதிக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் புரொப்பெல்லர் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுழற்சி கூடும்.

கைமாறின மோட்டார் பார்க்கப் போனால், நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் மூடியில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். ஸ்டார்ட் ஆனதும் பக்கத்தில் சிறு தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெய்யைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த காபி மாதிரி இருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் கம்ப்ரெஷன் அழுத்தத்தில் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். புதிய மோட்டார்களில் மெக்கானிக் கணினியை இணைத்தால் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஓடியது என்று தெரிந்துவிடும், அந்தத் தாளைக் கேளுங்கள். மணி நேரம் மிகக் குறைவு என்பதும் எப்போதும் நல்ல செய்தி இல்லை, உப்பு நீரோடு வருடக்கணக்கில் சும்மா கிடந்த மோட்டாரைவிட மாதம் நாலு முறை ஓடிக் கழுவப்பட்டது மேல். பணம் கொடுக்கும் முன் படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றின் எண்களையும், கடனுக்கு ஈடு வைத்த பொருட்களைப் பதியும் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் தேடுங்கள், யாருடைய கடனாவது அதன் மேல் நிற்கலாம்.

டிரெய்லரைக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். படகு 400 கிலோ, மோட்டார் 115, பெட்ரோல் 70 லிட்டர் என்றால் 50 கிலோவுக்குச் சற்று மேலே, பேட்டரி 20, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, சாமான் எல்லாம் 80, டிரெய்லரே 270. கூட்டினால் ஏறக்குறைய 935 கிலோ ஆயிற்று. எல்லாச் சக்கரங்களின் மேலும் இறங்கும் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லரில் பிரேக் கட்டாயம், 2,000 தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும். உங்கள் கார் பிரேக் உள்ள டிரெய்லரை எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று கையேட்டில் பாருங்கள், கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்பதும் அங்கேயே இருக்கும். சக்கர பேரிங்கை வருடம் ஒரு முறை மாற்றுங்கள், சூடான பேரிங்கைப் பிடித்து உப்பு நீருக்குள் முக்குகிறோம், அது எத்தனை நாள் தாங்கும்.

வெஸ்டர்ன் போர்ட்டுக்குப் போகிறவர்கள் ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். மூன்று மீட்டர் வரை நீர் ஏறி இறங்கும், வற்றும்போது அந்த விரிகுடாவின் கணிசமான பகுதி சேறாகிவிடும், வழி தவறினால் ஆறு மணி நேரம் அங்கேயேதான். கிங் ஜார்ஜ் வைட்டிங் கிடைக்கிற இடம் அது, நம் கிழங்கான் குடும்பம்தான், அந்தச் சுவைக்குச் சேற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நீரோட்டம் பலமாக இருப்பதால் படகின் நீளத்துக்காவது சங்கிலியும் அதற்கு மேல் தாராளமாகக் கயிறும் வையுங்கள். போர்ட் ஃபிலிப் விரிகுடாவின் வாயில் இருக்கும் ரிப் என்ற அபாயமான இடத்துக்கு இந்த அளவுப் படகில் முதல் சில வருடம் போகவே வேண்டாம்.

பணத்தை எல்லாம் படகுக்கே கொட்டிவிட்டுப் பாதுகாப்புச் சாமானில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். விக்டோரியாவில் மோட்டார் படகு ஓட்ட மரைன் லைசென்ஸ் வேண்டும், படகுக்கும் டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவு. 4.8 மீட்டர் வரையுள்ள மோட்டார் படகில் எல்லாரும் மிதவை உடை அணிந்திருக்க வேண்டும். உங்கள் படகு 4.9 என்றாலும் அணியுங்கள். திறந்த கடலில் கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு அப்பால் போனால், ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் ஈபர்ப் கருவி கட்டாயம், நான் விரிகுடாவுக்குள்ளும் வைத்திருக்கிறேன். அதை உங்கள் பெயரில் பதிவு செய்வது இலவசம். வி.எச்.எஃப். வானொலியில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16ஐக் கேட்டபடி இருங்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். 60 குதிரைத்திறன் மோட்டார் நிதான வேகத்தில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் எடுக்கும், அலையில் அதைவிடக் கூடும். எத்தனால் கலந்த ஈ10 வேண்டாம், அது ஈரத்தை இழுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் பிரிந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் பத்து நிமிடம் விடுங்கள், படகின் உள்ளேயும் கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலும் கழுவுங்கள், ஈயக்குண்டுகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். புதிய மோட்டார் என்றால் முதல் பத்து மணி நேரம் கையேட்டில் சொன்ன வேகத்தில் மட்டும் ஓட்டி, 20 மணி நேரத்தில் முதல் சர்வீஸ், பிறகு 100 மணி நேரம் அல்லது வருடம் ஒன்று, எது முதலில் வருகிறதோ அப்போது. அந்த ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள், ஐந்து வருடம் கழித்து உங்கள் படகைப் பார்க்க வருகிறவர் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்த பிறகு அதைத்தான் கேட்பார்.